சிவப்புத் தகரப் பில்லை

அன்று மதியம் சயனைடு மேட்டில் இருந்தவர்கள்:

டைரக்டர், அவருடைய வேனில். ஹீரோ, இன்னொரு வேனில். கேமராக்காரர், கேமராவுக்குப் பக்கத்திலேயே குடை பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டு. ஆர்ட் டைரக்டர். மேனேஜர். பெங்களூரிலிருந்து வந்த உதவி டைரக்டர், காதில் போனோடு. டிராக்டர் ஓட்டின பூதிகோட்டைக்காரன். எலுமிச்சைச் சாதம் போட்ட ஆள். பட்டாளத்து உடுப்பு மாட்டிய உள்ளூர் ஆட்கள், மேட்டுக்கு அந்தப் பக்கம் நிழலில். ஃபிட்டர். நான்.

நடந்ததை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஃபிட்டருக்குப் பேர் இருந்தது. எழுதப்போவதில்லை. நான் செய்த காரியத்துக்குப் பிறகு அந்தப் பேரை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஊரிலும் எல்லோருக்கும் அவர் ஃபிட்டர்தான். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஷாஃப்டில் வேலை. ஆட்களை இறக்கும் கேஜ், அதன் கயிறு, பிரேக் எல்லாம் அவர் கையில் இருந்தன. சுரங்கம் மூடின பிறகு ஆண்டர்சன்பேட்டையில் ஒரு ஷட்டர் கடை. போர் மோட்டார், ஜாக்கி, தையல் மிஷின், எது வந்தாலும் பார்ப்பார். வலது கட்டைவிரல் நகம் சுத்தியல் அடிபட்டுக் கறுத்தே போயிருந்தது. அது வெளுத்து நான் பார்த்ததில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஏற்றி வைத்த எதையும் அப்படியே விட்டுவிட்டுப் போக மாட்டார்.

வீட்டில் எலிப்பொறி உண்டு. ராத்திரி வைப்பார். காலையில் கடைக்குக் கிளம்பும்போது குச்சியால் தட்டி அதை மூடிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். அவர் மனைவிக்கு, எனக்கு அண்ணி, எரிச்சல்.

"ஏன், பகல்ல எலி வராதா?"

"வரும். புள்ள கையும் வரும்."

பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. பெண்ணுக்கு இருபது ஆனபோதும் காலையில் பொறியைத் தட்டி மூடினார். பம்ப் அடுப்பில் காற்றைத் திறந்துவிடாமல் படுக்க மாட்டார். மடக்குக் கத்தியை மடக்காமல் கீழே வைக்க மாட்டார்.

ஒரு தடவை நானும் அவரும் மாரிகுப்பத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தோம். ரோட்டு ஓரம் ஒரு லாரி. ஒரு சக்கரம் கழற்றி, ஜாக்கியில் நின்றது. டிரைவரைக் காணோம். ஃபிட்டர் நின்றுவிட்டார்.

"வாங்கண்ணா, போலாம்."

"நீ போ."

நான் போகவில்லை. அரை மணிக்கு மேல் நின்றோம். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்தான்.

"யாருய்யா நீங்க?"

"யாரும் இல்லப்பா. எறக்கு மொதல்ல. ஏத்துனவன் எறக்கணும்."

அவன் எங்களைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். ஆனால் இறக்கினான். அவர் சொல்லும் விதம் அப்படி. சத்தம் போட மாட்டார். செய்து முடிக்கிறவரை நகரவும் மாட்டார்.

ஏத்துனவன் எறக்கணும். இந்த மூன்று வருஷமாக எனக்குக் காதில் வேறெதுவும் கேட்பதில்லை.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"சுரங்கத்துல கீழ ஒருத்தன் ஏத்தி வெச்சுட்டு டீ குடிக்கப் போனான். பின்னால வந்த ஆளுக்குத் தெரியாது. அந்த ஆள் போயிட்டான்."

"டீ குடிக்கப் போனவன்?"

"அவனுக்கு இன்னா. நல்லாத்தான் கீறான்."

கையைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.

*

படப்பிடிப்பு என்றால் எங்கள் ஊருக்குப் புதிது இல்லை. சுரங்கத்திலிருந்து அரைத்துக் கொட்டின மண் சாம்பல் நிறத்தில் மலை மலையாகக் கிடக்கிறது. அதுதான் சயனைடு மேடு. கொலை, துரத்தல், பாலைவனம், எல்லாவற்றுக்கும் இங்கேதான் வருவார்கள். இது பட்டாளப் படம். வெள்ளைக்காரன் காலத்துச் சண்டை. நம் ஆட்கள் இத்தாலி மலையில் ஜெர்மன்காரனோடு மோதுகிறார்கள். மேடு இத்தாலி ஆனது. டிராக்டருக்கு மேல் பிளைவுட் கட்டி, சாயம் அடித்து, அது டேங்க் ஆனது. அதை ஓட்டியவன் பூதிகோட்டைக்காரன்.

"இன்னா ஃபிட்டரே, நான் ஜெர்மன்காரனா இப்ப?"

"ஆமா."

"எங்க வீட்ல சொன்னா நம்ப மாட்டாளே. நேத்திகூட இதுல சாணிதான் அடிச்சேன்."

டேங்கை உடைக்க ஒரு ஆயுதம் வேண்டும். பியாட் என்று பேர். ஆர்ட் டைரக்டர் படம் காட்டினார். மூன்றடி நீளக் குழாய். முன்னால் பாதி வெட்டின தொட்டி மாதிரி. குண்டை அதில் படுக்க வைப்பார்கள். குழாய்க்குள் பெரிய ஸ்பிரிங். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் விடுபட்டு, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு முன்னால் பாய்ந்து குண்டின் வாலில் இடிக்கும். குண்டு கிளம்பும். அந்த ஸ்பிரிங்கை ஏற்றுவதுதான் கஷ்டம். குழாயை நட்டுக்க நிறுத்தி, அடிப்பலகையில் இரண்டு காலையும் வைத்து நின்று, குனிந்து பிடித்து முதுகு உடைய மேலே இழுக்க வேண்டும். டக் என்று கொக்கி விழும்வரை.

மாதிரி செய்ய ஃபிட்டரைக் கூப்பிட்டார்கள். பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆர்ட் டைரக்டர் லேப்டாப்பில் பழைய வெளிநாட்டுப் படங்களிலிருந்து அந்த ஆயுதம் வரும் துண்டுகளைப் போட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

ஒரு படத்தில் ஒருத்தன் அதைத் தோளில் வைத்து ஓடிக்கொண்டே சுட்டான். பின்பக்கம் நெருப்பு பறந்தது.

"நிறுத்துங்க சார்," என்றார் ஃபிட்டர். "இவன் எப்ப ஏத்துனான்?"

"அதையெல்லாம் யார் கவனிக்கறாங்க, ஃபிட்டர்?"

"நான் கவனிச்சேனே. பின்னால நெருப்பு எங்கேர்ந்து வருது? இது ஸ்பிரிங்கு சார். ராக்கெட்டு இல்ல."

"நெருப்பு இல்லன்னா ஜனங்களுக்குப் புரியாது."

அடுத்தது. அதிலும் ஏற்றவில்லை. ஒருத்தன் சுட்டான், ஒருத்தன் கத்தினான், டேங்க் எரிந்தது. அதற்கடுத்ததில் மூன்று தடவை சுட்டான். ஒரு தடவையும் குண்டு வைக்கவில்லை. கடைசியாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஒரு சிப்பாய் அடிப்பலகையில் ஏறி நின்று இழுக்கிறான். வரவில்லை. மறுபடி இழுக்கிறான். கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஃபிட்டர் அதை நாலு தடவை போடச் சொன்னார்.

"இவன் ஒருத்தன் நெசம். ஆனா இவனும் எறக்கல பாருங்க. சுடலைன்னா எறக்கணும்ல? ஏத்தி வெச்சதோட படம் வேற எங்கியோ போயிடுச்சு."

ஆர்ட் டைரக்டர் சிரித்தார். ஃபிட்டர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தச் சிப்பாயின் ஆயுதம் இன்னும் எங்கேயோ ஏற்றினபடியே கிடக்கிற மாதிரி.

முதலில் பிவிசி குழாயில் ஒன்று செய்தார்கள். ஹீரோ அதைக் குடை விரிப்பது போல ஏற்றினார். டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. பாரம் தெரியணும், மூச்சு வாங்கணும் என்றார். ஃபிட்டர் அவரிடமே கேட்டார், பொம்மைக்கு எதுக்கு சார் நெஜ ஸ்பிரிங்கு என்று. வேண்டும் என்றார் டைரக்டர். ஃபிட்டர் பழைய இரும்புக் கடையில் தேடி ஒரு ஸ்பிரிங் எடுத்தார். இரும்புக் குழாய், இரும்புத் தண்டு. பன்னிரண்டு நாளில் முடித்தார். ஹீரோ ஏறி நின்று இழுத்தார். முகம் சிவந்தது. இறங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதனால்தான் நான். ஆறு வருஷம் கீழே பாறை அள்ளினவன், அப்போது லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு ஹீரோவின் பூட்ஸும் கைச்சட்டையும் போட்டார்கள். என் முகம் வராது. என் கையும் காலும் ஏற்றும். பிறகு ஹீரோ படுத்துக்கொண்டு குறி பார்ப்பார். அந்த ஊரில் அதை ஏற்றத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஃபிட்டரும் நானும்.

முதல் நாள் அவர் ஒரு தகரத்தை ஒரு ரூபாய் காசு போல வட்டமாக வெட்டி, சிவப்புப் பெயிண்ட் அடித்து, கம்பி கோத்துக் கொண்டுவந்தார். சுரங்கத்தில் கீழே போகிறவன் பில்லை எடுத்துப் போவான், மேலே வந்தால் திரும்ப மாட்டுவான். பலகையில் பில்லை இல்லாவிட்டால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம். அந்தப் பழக்கம்.

"பாருடா தம்பி. ஏத்துனா இத மாட்டு. சுட்டா, இல்ல எறக்குனா, கழட்டி என் கையில குடு. பில்லை தொங்குச்சுன்னா அது பாம்பு. பில்லை இல்லன்னா வெறும் இரும்பு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுண்ணா."

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். மூட்டை தூக்கும் மனுஷன், நாற்பது வயது, பள்ளிக்கூடம் மாதிரி திருப்பிச் சொன்னேன்.

*

அன்று காலையிலிருந்து வெளிச்சம் சரியில்லை. மேகம் வரும், போகும். ரெடி என்பார்கள். ஏற்றுவேன். பில்லை மாட்டுவேன். மேகம் வந்துவிடும். ஃபிட்டர் வந்து இறக்கச் சொல்வார்.

"அண்ணா, அஞ்சு நிமிஷத்துல மறுபடி கேப்பாங்க."

"கேக்கட்டும். அஞ்சு நிமிஷத்துக்கு எறக்கு."

இறக்குவதும் ஏற்றுவது மாதிரியேதான். அதே பலகையில் நின்று, விசையைப் பிடித்தபடி, ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டி மெதுவாக விட வேண்டும். பத்துத் தடவை ஏற்றி, பத்துத் தடவை இறக்கினேன். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது.

சாப்பாட்டுக்கு முன்னால் கடைசி ஷாட். அதில் டேங்க் பக்கத்தில் வந்து திரும்பிப் போய்விடும். சிப்பாய்கள் சுட மாட்டார்கள். ஹீரோவுக்குப் பக்கத்தில் குண்டு வைக்கிற சிப்பாயாக ஒருத்தர் படுக்க வேண்டும். ஃபிட்டர் எப்படியும் அதைவிட்டு நகருவதில்லை, அவருக்கே உடுப்பு மாட்டுங்கள் என்றார் டைரக்டர். மாட்டினார்கள். நான் ஏற்றினேன், பில்லையை மாட்டினேன், விலகினேன். டேங்க் வந்தது, சாணி நாற்றத்தோடு திரும்பிப் போனது. ஹீரோ பெருமூச்சு விட்டு மல்லாந்து படுத்தார். ஷாட் அதோடு சரி. ஆனால் கட் என்று யாரும் சொல்லவில்லை. ஃபிட்டர் எழுந்தார். நடிப்பு என்று ஒன்றும் இல்லை. அதை நிமிர்த்தி, பலகையில் ஏறி நின்று, மெதுவாக இறக்கினார். குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். பில்லையைக் கழற்றினார். சட்டைப் பையில் போட்டார். பொத்தானையும் போட்டார்.

"கட்," என்றார் டைரக்டர். "அது நல்லா இருக்கு. வெச்சுக்கலாம்."

"சார், சிவப்பா ஒன்னு தொங்குது ஃப்ரேம்ல," என்றார் ஆர்ட் டைரக்டர்.

"தொங்கட்டும்."

சாப்பிடப் போனோம். உதவி டைரக்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னிடம் வந்தார்.

"அண்ணா, லஞ்ச் ஆனதும் ஃபர்ஸ்ட் ஷாட் அதேதான். ரெடி பண்ணி வெச்சிருங்க. சும்மா சும்மா லேட் ஆகுது, டைரக்டர் என்னைத்தான் வையறாரு."

ஃபிட்டர் தண்ணீர் வண்டியிடம் கை கழுவப் போயிருந்தார். பில்லை அவர் பையில். போய்க் கேட்டால், சாப்பிட்டு வந்து ஏத்து என்பார். பிறகு ஏற்ற வேண்டும். வெளிச்சம் போனால் இறக்க வேண்டும். என் இடுப்பு விண் விண் என்றது. ஒரு தடவையாவது மிச்சம் ஆகட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஏறி நின்று இழுத்தேன். டக். மணல் மூட்டையில் சாய்த்து வைத்து, கோணிச் சாக்கு போட்டு மூடிவிட்டு, சாப்பாடு வாங்கப் போனேன்.

தட்டோடு பத்தடி தள்ளி உட்கார்ந்தேன். ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் சாப்பிட வருகிறார் என்று நினைத்தேன். வரவில்லை. சாக்கைத் தூக்கினார். பில்லை இருக்கிற இடத்தைப் பார்த்தார். இல்லை. வெறும் இரும்பு. மேட்டு மண் மாவு மாதிரி, எதிலும் ஏறிக்கொள்ளும். தொட்டிக்குள் கையை விட்டுத் துடைத்தார்.

நான் பார்த்தேன். வாயில் சோறு. விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

வலது கை தொட்டிக்குள்ளேயே இருக்க, அவர் இடது கையால் ஸ்பேனரை எடுத்து, தூசு உதிரட்டும் என்று குழாயை ஒரு தட்டு தட்டினார். டக் என்று கொக்கி விட்டது.

*

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அதற்கு முன்னால், வண்டி வருவதற்குள், மேனேஜர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"யார் ஏத்துனது இத?"

உதவி டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"பில்லை அவர்கிட்டதான் சார் கீது," என்றேன்.

பொய் இல்லை. பில்லை அவர் பையில்தான் இருந்தது. பொத்தான் போட்டபடி. மேனேஜர் எடுத்துப் பார்த்தார். "பாவம், வயசாயிடுச்சு, மறந்துட்டார்," என்றார். ஃபிட்டருக்கு அப்போது ஐம்பத்தாறு.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே நிறைய கேட்டிருக்கிறேன். போலீஸ் பயம் இல்லை. வேலை போய்விடும் என்றும் இல்லை, மூட்டை எங்கேயும் இருக்கிறது. அவர் முகத்துக்குப் பயந்தேன். நீயாடா என்று அந்த முகம் கேட்பதை என்னால் தாங்க முடியாது என்று இருந்தது. அதனால் அந்த முகத்தை வேறு விதமாகக் கெடுத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், கை முழுசும் கட்டு, கேட்டார். ஒரே தடவைதான் கேட்டார்.

"நீ ஏத்துனியாடா தம்பி?"

"இல்லண்ணா."

கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"அப்ப நான்தான். பில்லைய எடுத்தேன். அது ஞாபகம் கீது. எறக்குனேனா? காலைலேர்ந்து எத்தினி தடவ. இதுல எறக்குனேனா, அதான் வரல."

அந்த நேரம் மேனேஜர் உள்ளே வந்தார். என்னைக் காட்டி, இந்த ஆள் மேலும் ஒரு சந்தேகம் இருக்கு என்றார். உதவி டைரக்டர் ஏதோ சொல்லியிருப்பார் போல. ஃபிட்டர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அவன் இல்ல சார். அவன் ஏத்துனா பில்லை மாட்டாம போ மாட்டான். நான் சொல்லிக் குடுத்தவன். அவன ஒன்னும் சொல்லாதீங்க."

நான் நின்றுகொண்டிருந்தேன். பால் வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தேன்.

*

வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனது. அது ஒன்றும் இல்லை, இடது கையில் ஸ்பேனர் பிடிக்கப் பழகிவிட்டார். போனது வேறு.

பூதிகோட்டைக்காரன் ஒரு நாள் கடைக்கு ஜாக்கி கொண்டுவந்தான். கெட்ட எண்ணம் இல்லாதவன், வாய்தான்.

"இன்னா ஃபிட்டரே, ஏத்துனவன் எறக்கணும்னு ஊருக்கே பாடம் சொல்வீங்க!"

ஃபிட்டர் சிரித்தார். நான் கடைக்குள் இருந்தேன். அவர் சிரித்து நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். அவன் ஜாக்கியைப் பார்த்துக் கொடுத்தார். அவன் போன பிறகு எழுந்து, ரோட்டுக்கு ஓடி, அவனை நிறுத்தி, ஜாக்கியை வாங்கி, இறக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து ரோட்டைப் பார்த்தார்.

அதன் பிறகு வந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்.

"என் கைக்கு மறதி வந்துடுச்சுப்பா. வேற ஆளப் பாரு."

ஷட்டரைப் பாதி இறக்கி, வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. சொல்லத்தான் போகிறேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். டீ வாங்கித் தருவார். குடித்துவிட்டு வருவேன்.

படம் வந்தது. பங்காருப்பேட்டை தியேட்டரில் தனியாகப் போய்ப் பார்த்தேன். பியாட் மூன்று இடத்தில் வருகிறது. இரண்டு இடத்தில் பின்னால் நெருப்பு, கம்ப்யூட்டரில் போட்டது. மூன்றாவது இடம் டேங்க் திரும்பிப் போகிற இடம். டைரக்டர் சொன்னபடி வைத்துக்கொண்டார். ஒரு சிப்பாய் எழுந்து ஸ்பிரிங்கை இறக்குகிறான். முகம் இல்லை. கழுத்துக்குக் கீழேதான். உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறான். கறுத்த நகம். சிவப்புப் பில்லையைக் கழற்றிப் பையில் போடுகிறான். பன்னிரண்டு நொடி.

தியேட்டரில் யாரும் கவனிக்கவில்லை. நான் சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன். அது சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்த கடைசி ஷாட். அவருக்கு உடுப்பு மாட்டியது அதற்கு மட்டும்தான். இறக்கியிருக்கிறார். அவரே ஒரு தடவை பார்த்தால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீயை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"படம் பாத்தியாமே. நான் எழுந்தேனே, அது வருதா? என் கை?"

இப்போது சொல்லலாம். வாங்கண்ணா, மத்தியான ஆட்டத்துக்குப் போகலாம் என்றால் போதும். நான் வாயே திறக்க வேண்டாம், படமே சொல்லிவிடும்.

"இல்லண்ணா," என்றேன். "வெட்டிட்டாங்க."

தலையை ஆட்டினார்.

"அதுவும் சரிதான். தப்பு பண்ண கை."

அவர் படம் பார்க்கப் போகவில்லை. அடுத்த வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவர்கள் புத்தர் கோயில் குடும்பம். வெள்ளைத் துணி போர்த்தி, பெரியவர் ஒருத்தர் முன்னால் நின்று ஐந்து சீலம் சொன்னார். ஒவ்வொன்றாக எல்லோரும் திருப்பிச் சொன்னோம். கொல்ல மாட்டேன். திருட மாட்டேன். மூன்றாவதும் சொன்னேன். நாலாவது, பொய் சொல்ல மாட்டேன். எல்லோரும் சொன்னார்கள். நான் இருமினேன்.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது.

*

நான் இப்போது பெங்களூரில் ஒரு குடோனில் வேலை. மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறுகிறேன். ஃபிட்டர் பெண் அடுத்த ஸ்டேஷனில் ஏறுவாள். ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். சாயங்காலம் திரும்பும்போது எனக்கு ஜன்னல் சீட் பிடித்துவைக்கிற அளவுக்குப் பாசம்.

போன வாரம் போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, அப்பா வேல செஞ்ச படம் போன்ல வந்துடுச்சு. அவரு செஞ்ச துப்பாக்கியாவது பாக்கலாம்னு. எந்த எடத்துல வரும்? ரெண்டர மணி நேரம், யாரு முழுசாப் பாக்கறது?"

போனை வாங்கினேன். தள்ளித் தள்ளி முதல் இரண்டு இடத்தை மட்டும் காட்டிக் கொடுத்துவிடலாம். நெருப்பு வருகிற இரண்டு இடம். அவளும் சந்தோஷப்படுவாள். விரல் அங்கேதான் போனது.

மூன்றாவது இடத்தில் நிறுத்தி அவளிடம் கொடுத்தேன்.

பார்த்தாள். கறுத்த நகம் வந்ததும் அவள் கை வாய்க்குப் போனது.

"அப்பா கை! சித்தப்பா, அப்பா கை!"

எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி போட்டாள். சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். மூன்றாவது தடவை போடும்போது சிரிப்பு நின்றது.

"வெட்டிட்டாங்கன்னு அப்பாகிட்ட சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"எறக்கறாரே. பில்லைய எடுக்கறாரே. இது எப்ப எடுத்தது?"

"அன்னைக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடி. கடைசி ஷாட்."

"அப்ப யாரு ஏத்துனது?"

"நான்."

ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பங்காருப்பேட்டை வந்தது, கூட்டம் ஏறியது, யாரோ என் காலை மிதித்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, சோறு, ஆஸ்பத்திரி, தியேட்டர். சொல்ல அவ்வளவு நேரம் ஆகவில்லை. இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்ததற்கு அது ரொம்பச் சின்னதாக இருந்தது.

அவள் திட்டவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள்.

"வீட்ல கேஸ் அடுப்பு இருக்குதுல்ல. மூடியிருக்கான்னு பாப்பாரு. வந்து உக்காருவாரு. மறுபடி எழுந்து போவாரு. உனக்கு இன்னா பைத்தியமான்னு நான் கத்துவேன். எனக்கே சந்தேகம்மா, என் கைய நம்ப முடியலன்னுவாரு. ஒரு ஞாயித்துக்கெழம, காலைலேர்ந்து வெளக்கு வைக்கற வரைக்கும், எத்தினி தடவ போறாருன்னு எண்ணிச் சொல்லி மானத்த வாங்கணும்னு எண்ணுனேன். எண்ணிட்டு, சொல்ல மனசு வரல."

நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"பதினேழு."